மூடிய ட்ரெய்லர் வாங்கப் போகிறீர்களா? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் இரண்டு மாவட்டங்களிலும் டிராக்டர் இருக்கும் வீட்டில் திறந்த ட்ரெய்லர் ஒன்று கட்டாயம் இருக்கும். இப்போது அதோடு மூடிய ட்ரெய்லரும் வேண்டும் என்று பலர் பட்டறைக்கு வருகிறார்கள். பந்தல் போடுபவர்கள், சவுண்ட் சர்வீஸ்காரர்கள், சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள், சொட்டுநீர்க் குழாய் பதிப்பவர்கள், தோட்டத்தில் பூட்டு போட்டு வைக்க ஒரு அறை தேடும் விவசாயிகள் என எல்லா வகையினரும் இதில் உண்டு. வேலை இருக்கும் நாளில் இழுத்துப் போக வேண்டும், மற்ற நாளில் அதுவே குடோனாக நிற்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய தேவையும். வருபவர்கள் பெரும்பாலும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி மூக்கு வெச்சுக் குடுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். மூக்கு முக்கியம்தான், ஆனால் அது கடைசியில் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

மொத்தம் என்னென்ன வடிவம் இருக்கிறது?

முன்பக்கத்தை வைத்து மூன்று வகை சொல்லலாம். ஒன்று நேர் முகம், அதாவது பெட்டி போல முன்னால் தட்டையான சுவர். இரண்டாவது, அதே பெட்டியில் முன் மூலைகளை மட்டும் வளைத்து உருட்டியது. மூன்றாவது வி-மூக்கு: முன்சுவர் படகு முனை போலக் கூராக முன்னால் நீண்டு, இழுக்கும் கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும். வி-மூக்கு அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் வகை. அங்கே பெரிய பிக்கப்பில் மாட்டி நெடுஞ்சாலையில் வேகமாக இழுத்துப் போகிறார்கள். நம்மவர்கள் செல்போனில் காட்டும் படங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதான்.

கூரையில் தட்டை, நடுவில் மேடான வளைவு, வீட்டு ஓடு போல இரண்டு பக்கச் சரிவு என்று மூன்று உண்டு. அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

டிராக்டரில்தான் இழுக்கப் போகிறேன். வி-மூக்கு வைத்தால் டீசல் மிச்சமாகுமா?

ஆகாது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் தடை 80-இல் நான்கு மடங்காகும். டிராக்டர் சுமையோடு 20, 25 கிலோமீட்டரில்தான் போகும். அந்த வேகத்தில் டீசலைத் தின்பது சக்கர உருளலும், மேடும், எடையும். முன்சுவர் கூராக இருந்தாலும் தட்டையாக இருந்தாலும் வித்தியாசம் கண்ணில் படாது. அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் போடுங்கள்.

டிராக்டருக்கு நேர் முகம்தான் என் முடிவு. ஒரே ஒரு எச்சரிக்கை. டிராக்டரின் பின் டயர் பெரியது. வயல் முனையிலோ குறுகிய சந்திலோ முழுதாக ஒடித்துத் திரும்பும்போது, பெட்டியின் முன் மூலை அந்த டயரில் போய் உரசும். பழைய மூடிய ட்ரெய்லர் ஒன்றின் முன் மூலையை உற்றுப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் கறுப்பாக ரப்பர் தேய்த்த கோடும், அதற்கு நடுவில் உள்வாங்கிய ஷீட்டும் தெரியும். இழுக்கும் கம்பியைப் போதுமான நீளத்துக்கு விட வேண்டும், இல்லையென்றால் மூலையை வெட்டி வளைக்க வேண்டும். உங்கள் டிராக்டரையே பட்டறைக்குக் கொண்டுவந்து, அடிச்சட்டம் மட்டும் முடிந்த நிலையில் மாட்டி, இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியை ஏற்றச் சொல்லுங்கள்.

பிக்கப்பில் இழுத்து ஓசூர், பெங்களூரு வரை போவேன். அப்போதாவது மூக்கு வேண்டுமா?

இங்கே கேள்விக்குப் பொருள் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் 60, 70-இல் போகும்போது காற்று உண்மையிலேயே இழுக்கும். ஆனால் பிக்கப்பின் கேபின் உயரம் வரைக்கும் ட்ரெய்லரின் முகம் அதன் மறைவில்தான் வருகிறது. கேபினுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் பகுதிதான் காற்றில் நேராக மோதுகிறது. அதனால் முதலில் உயரத்தைக் குறையுங்கள். பெட்டி கேபினை விட ஒன்றிரண்டு விரல் உயரம் மட்டும் கூடுதலாக இருந்தால், மூக்கு எந்த வடிவம் என்பது பெரிய விஷயமே இல்லை.

உயரம் குறைக்க முடியாது என்றால் மூலைகளை உருட்டுங்கள். 1970-களில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் கலிபோர்னியாவில் ஒரு வேனைச் சுற்றிப் பெட்டி மாதிரித் தகடு அடித்து, அதை ஓட்டிக் காற்றுத்தடையை அளந்தது. கூர்மையான மூலைகளையும் விளிம்புகளையும் உருட்டியதும் தடை பாதிக்கும் கீழே இறங்கியது. அது தனியாக ஓடிய வேன், நம்முடையது இன்னொரு வண்டியின் பின்னால் வருவது, அதனால் அதே அளவு லாபம் நமக்குக் கிடைக்காது. ஆனாலும் காற்று எங்கே பிய்ந்து போகிறது என்று அந்தச் சோதனை தெளிவாகக் காட்டிவிட்டது: கூரான விளிம்பில். மூலையை வளைக்க ரோலிங் மெஷின் இருக்கும் பட்டறை போதும். வி-மூக்குக்கு ஆகும் வெல்டிங்கும் செலவும் இதற்கு ஆகாது.

வி-மூக்கில் உள்ளே இடமும் அதிகம் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டி 6 அடி அகலம், மூக்கு 2 அடி நீட்டம். முக்கோணத்தின் பரப்பு 6 சதுர அடி வரும். நேர் முகப் பெட்டியை 1 அடி நீட்டினாலும் அதே 6 சதுர அடிதான். ஆனால் நீட்டிய அந்த ஓர் அடியில் கிரேட், ஸ்பீக்கர் பெட்டி, அண்டா எல்லாம் சுவரை ஒட்டிச் சரியாக உட்காரும். முக்கோணத்தில் கயிறு, கிளாம்ப், ஒயர் ரோல், ஸ்டெப்னி மாதிரியான உதிரிகள்தான் நிற்கும்.

உதிரிச் சாமான் அதிகம் உள்ள தொழில் என்றால், வயரிங், பிளம்பிங் போல, அந்த மூலை உண்மையிலேயே பயன்படும். இரண்டு பக்கமும் தட்டு அடித்துவிட்டால் டூல்ஸ் அறையாகிவிடும். கிரேட் ஏற்றுபவருக்கு அது வீண். இன்னொன்று: மூக்கில் கனமான சாமானைத் திணிக்கும் பழக்கம் வந்துவிடும். அந்த எடை முழுக்க ஹூக்கின் மேல் இறங்கி, இழுக்கும் வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டியரிங் லேசாகிவிடும்.

அப்படியானால் உயரம் எவ்வளவு வைக்கலாம்?

நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். "ஆள் நிமிர்ந்து நிக்கணும், ஏழடி வெச்சுடுங்க" என்பதுதான் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. ஏழடி எதற்கு என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

ஒரு நாள் உங்கள் சரக்கை வழக்கம்போல அடுக்கி டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். தக்காளி கிரேட் ஒன்று ஏறத்தாழ ஓர் அடி உயரம். கீழே உள்ளது நசுங்காமல், தூக்கும் ஆளுக்கும் தோள் வலிக்காமல் ஐந்து கிரேட் அடுக்கலாம். மேலே கை நுழைய அரையடி சேர்த்தால் உள் உயரம் ஐந்தரை அடி போதும். பந்தல் குழாய் படுத்துத்தான் வரும், அதற்கு உயரமே தேவையில்லை, நீளம்தான் வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியை அளந்துகொள்ளுங்கள். உள்ளேயே நின்று வேலை செய்யும் தொழில், டீக்கடை அல்லது ரிப்பேர் வண்டி போல, அதற்கு மட்டும்தான் ஆறரை அடிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால் ஆடிக் காற்று. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் சாலை கிட்டத்தட்ட வடக்கு தெற்காக ஓடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று மேற்கிலிருந்து வீசும்போது ட்ரெய்லரின் விலாவில் நேராக அடிக்கும். 12 அடி நீளம், 6 அடி உயரப் பெட்டிக்குப் பக்கச் சுவர் 72 சதுர அடி. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அந்தச் சுவரை ஏறத்தாழ 130 கிலோ விசையோடு தள்ளும். ஓர் அடி உயரம் கூட்டினால் தள்ளும் பரப்பும் கூடுகிறது, தள்ளும் இடமும் மேலே ஏறுகிறது. காலியாகத் திரும்பி வரும்போது இன்னும் மோசம், ஏனென்றால் பெட்டியைத் தரையோடு பிடித்துவைக்கும் எடை இல்லை. போகும்போது ஆடாத வண்டி வரும்போது ஆடுகிறதே என்று குழம்புபவர்களுக்கு இதுதான் பதில்.

காற்று ஒருபக்கம் இருக்கட்டும், ஊர்ச் சாலையைப் பாருங்கள். சாலையோரப் புளியமரக் கிளைகள் தாழ்ந்துதான் நிற்கின்றன. ஊருக்குள் தெருவைக் கடக்கும் சர்வீஸ் ஒயரும் கேபிள் ஒயரும் அப்படித்தான். பெட்டியின் அடித்தளம் சாலையிலிருந்து மூன்றடி, அதன்மேல் ஏழடி பெட்டி என்றால் பத்தடி ஆகிவிட்டது. கூரையின் முன் விளிம்பில் பட்டை பட்டையாகக் கீறலும் துருவும் இருக்கும் ட்ரெய்லர்கள் எல்லாம் இப்படி ஆனவைதான். ஒயரில் பட்டால் கீறலோடு முடியாது.

தொப்பூர் இறக்கத்தில் மூடிய ட்ரெய்லர் பாதுகாப்பா?

வடிவத்தை விட, எடையை எங்கே வைக்கிறீர்கள், பிரேக் இருக்கிறதா என்பவைதான் அங்கே பேசும். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது நீண்ட இறக்கம். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் பின்னால் இருக்கும் எடை முழுவதையும் முன்வண்டிதான் பிடிக்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நியூட்ரலில் விடவே கூடாது.

பால் ஹூக்கில், அதாவது இழுக்கும் வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின் மேல், மாட்டும் ட்ரெய்லர் என்றால், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹூக்கின் மேல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், அதாவது பின்னால் கனமாக ஏற்றினால், ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். வேகம் கூடக்கூட ஆட்டம் பெருகும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பி அடக்கப் பார்க்கக் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை விட வேண்டும். மூடிய பெட்டியில் ஓர் ஆபத்து என்னவென்றால், சரக்கு உள்ளே பின்னால் நகர்ந்தது வெளியே தெரியாது. தரையிலும் சுவரிலும் வளையம் வைத்துக் கட்டச் சொல்வது அதனால்தான்.

அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கத்து மலை வளைவுகளில் நீளம்தான் எதிரி. அந்த வழியில் அடிக்கடி போகிறவர்கள் 10 அடிக்கு மேல் போக வேண்டாம்.

ஒற்றை அச்சா, இரட்டை அச்சா?

12 அடிக்குள், ஒன்றரை டன்னுக்குள் என்றால் ஒற்றை அச்சு போதும். கையால் தள்ளித் திருப்பவும் முடியும். அதற்கு மேல் இரட்டை.

கூரை எது நல்லது?

வளைவுக் கூரை. தட்டைக் கூரை அடித்த முதல் வருடம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் ஷீட் நடுவில் இரண்டு பைப்புகளுக்கிடையே தொய்ந்து, மழைத்தண்ணீர் குளம் கட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து போய்ப் பார்த்தால் ரிவெட் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கும். அங்கிருந்துதான் ஒழுகல் தொடங்கும். நடுவில் இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி வளைத்தால் தண்ணீர் நிற்காது, ஷீட்டுக்கும் விறைப்பு வரும். ஓட்டுச் சரிவு அழகாக இருக்கும், ஆனால் நடு மடிப்பில் மூட்டு வரும். மூட்டு குறைவாக இருக்கும் கூரைதான் நல்ல கூரை.

மேலே வெள்ளை பெயின்ட் அடியுங்கள். சித்திரை வெயிலில் உள்ளே கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கதவு எங்கே, எப்படி?

பின்னால் இரண்டு பக்கம் திறக்கும் கதவு, இடது பக்கம் ஒரு சின்னக் கதவு. நாம் இடதுபுறம் ஓரங்கட்டுகிறோம், ஆகவே இடது கதவைத் திறந்தால் சாலைக்கு முதுகைக் காட்டாமல் சாமான் எடுக்கலாம். சந்தையில் வண்டிகள் நெருங்கி நின்று பின் கதவைத் திறக்க முடியாத நேரத்திலும் அதுதான் கைகொடுக்கும்.

ஷட்டர் கேட்பவர்களும் உண்டு. நெருக்கமான இடத்தில் அது வசதி. ஆனால் சுருளும் டிரம் மேலே ஓர் அடி உயரத்தைச் சாப்பிட்டுவிடும், ஓடும்போது கடகடவென்று அடிக்கும், தூசி உள்ளே வரும். பைக்கோ உழவுக் கருவியோ ஏற்றுபவர்களுக்கு, கீழே சாய்ந்து சறுக்குப் பலகையாக மாறும் கதவு வேண்டும். அதற்கு ஸ்பிரிங் கட்டாயம் வையுங்கள். ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கதவை யாரும் ஒழுங்காக மூட மாட்டார்கள்.

இரும்பு ஷீட்டா, அலுமினியமா?

12 அடிக்கு 6 அடி, உயரம் 6 அடி பெட்டி. தரையை விட்டுவிட்டு நான்கு பக்கமும் கூரையும் சேர்த்தால் 288 சதுர அடி. 1.6 மில்லிமீட்டர் இரும்பு ஷீட் அடித்தால் ஷீட் எடை மட்டும் சுமார் 335 கிலோ. 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 210. 2 மில்லிமீட்டர் அலுமினியம் சுமார் 145 கிலோ. உள்ளே ஸ்கொயர் டியூப் சட்டம் நெருக்கமாக இருந்தால் 1 மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட்டே பெரும்பாலானவர்களுக்குப் போதும். கனமான ஷீட் அடித்தால் திடமாக இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் தடிமனைக் கூட்டுகிறார்கள். திடத்தைக் கொடுப்பது சட்டம், ஷீட் வெறும் தோல்.

அலுமினியத்தை நேரடியாக இரும்புச் சட்டத்தில் ரிவெட் அடித்தால், ஈரம் பட்டுப் பட்டு இரண்டும் சேரும் இடத்தில் அரிக்கும். நடுவில் ரப்பர் பட்டையோ நல்ல பிரைமரோ கொடுக்கச் சொல்லுங்கள்.

மாம்பழம், தக்காளி, பூ ஏற்றலாமா?

மாங்காய்க்கு முழுதாக மூடிய பெட்டியை நான் சொல்ல மாட்டேன். பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது, சூடும் எத்திலீன் வாயுவும் வெளியே வருகிறது. அடைத்த தகரப் பெட்டியில், மே மாத வெயிலில், அரை நாள் நின்றாலே நடுவில் இருக்கும் காய் முந்திப் பழுத்துவிடும். கிருஷ்ணகிரியில் மாங்காய்க்குக் கம்பி பாடியும் தார்ப்பாயும் இவ்வளவு காலம் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. தக்காளியும் அப்படித்தான். ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைக்கு ஒன்றிரண்டு மணி நேர ஓட்டம் என்றால் பரவாயில்லை, இரவு முழுக்க ஏற்றி நிறுத்த வேண்டாம்.

கட்டாயம் மூடியதுதான் வேண்டும் என்றால் காற்று வழி வையுங்கள். முன்சுவரில் கீழே இரண்டு, பின்னால் மேலே இரண்டு, சாய்ந்த பட்டை வைத்து உள்பக்கம் கொசுவலைக் கம்பி. சூடான காற்று மேலே ஏறி வெளியேற வேண்டும், குளிர்ந்தது கீழே நுழைய வேண்டும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாவுக்கு இது பத்தாது, குளிர் வண்டி வேறு விஷயம்.

வேலையில்லாத நாட்களில் குடோனாக நிறுத்த என்ன செய்ய வேண்டும்?

இங்கே நேர் முகப் பெட்டிக்கு இன்னொரு லாபம். சுவரை ஒட்டி நிறுத்தலாம், உள்ளே மூன்று பக்கமும் ஒரே நீளத்தில் தட்டு அடிக்கலாம்.

நிறுத்தும் இடம் மேடாக இருக்கட்டும். முன்பக்கத்தை ஒரு கைப்பிடி உயர்த்தி நிறுத்தினால் கூரைத் தண்ணீர் பின்னால் வடியும். மாதக் கணக்கில் நிற்குமானால் அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள், வெயில் படாமல் சாக்குப் போட்டு மூடுங்கள். ஒரே இடத்தில் நின்ற டயர் பக்கவாட்டில் வெடிப்பு விடும். வெளியே பார்க்க டயரின் பட்டன் தேயாமல் நன்றாகத்தான் இருக்கும், முதல் நீண்ட ஓட்டத்தில் பிய்ந்துவிடும். ஸ்டாண்டு முன்னால் ஒன்று மட்டும் இருக்கும் ட்ரெய்லரில், ஆள் பின்பக்கம் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பின்னாலும் இரண்டு ஸ்டாண்டு வையுங்கள்.

யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை வெறும் இரும்புத் தரையில் போடாதீர்கள். ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். மரப்பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். பூச்சிமருந்தைச் சமையல் சாமானோடு ஒரே பெட்டியில் வைக்கவே வேண்டாம், கழுவினாலும் போகாது.

மார்கழிப் பனியை மறந்துவிடுகிறோம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் கூரை ஷீட் சில்லிட்டு, உள்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டாகச் சாமான் மேல் விழும். ஒழுகல் என்று நினைத்து மேலே தார் பூசுவார்கள், நிற்காது. கூரைக்கு உள்பக்கம் ஃபோம் ஷீட் ஒட்டி, காற்று வழியைத் திறந்து வைத்தால் நின்றுவிடும். ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர் வைத்திருக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு இது செலவு பார்க்கக் கூடாத வேலை.

ஆர்.சி. தேவையா? வீட்டு டிராக்டர்தானே?

தேவை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, மற்ற வண்டிகளைப் போலவே ட்ரெய்லரையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ட்ரெய்லரின் எண்ணை அதன் பக்கவாட்டில் எழுத வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் ட்ரெய்லரின் மேல் தெரிய வேண்டும். கிருஷ்ணகிரி 24, தருமபுரி 29, ஓசூர் 70 என்று எந்த ஆர்.டி.ஓ. உங்களுக்கோ அங்கே, பெட்டி கட்டும் முன்பே அளவோடு போய்க் கேட்டுவிடுங்கள். பதிவான திறந்த ட்ரெய்லரின் மேல் பிறகு பெட்டி ஏற்றுவதும் மாற்றம்தான். அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதைப் பற்றியது. கேட்காமல் கட்டிவிட்டு, விபத்து நடந்தபின் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆர்.சி.யைக் கையில் எடுத்தால் பதில் சொல்ல முடியாது.

பிக்கப் என்றால், கம்பெனி புத்தகத்தில் இழுவை எடை அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத வண்டியில் ஹூக் வெல்டிங் வைத்து இழுக்க வேண்டாம்.

பந்தல் ஆட்களை உள்ளேயே உட்கார வைத்துக் கூட்டிப் போகலாமா?

கூடாது. வெளியிலிருந்து தாழ் போடும் பெட்டி அது. ஆட்களுக்குத் தனி வண்டி வையுங்கள்.

பழைய ட்ரெய்லர் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், கீழே குனிந்து பாருங்கள். இழுக்கும் கம்பி அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் வெல்டிங்கின் ஓரமாக மயிரிழை போலப் பழுப்புக் கோடு ஓடினால் அது விரிசல், பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். நகத்தால் சுரண்டினால் தெரியும். ஹூக் வளையம் ஒருபக்கம் மெலிந்து முட்டை வடிவம் ஆகியிருந்தால் மாற்ற வேண்டும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் கட்டுப்பட்டையில் உடைந்த இலை இருக்கிறதா எண்ணிப் பாருங்கள். அப்புறம் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு, வெளியே ஒருவரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வெளிச்சம் எங்கே நுழைகிறதோ அங்கேதான் தண்ணீரும் வரும், சாக்பீஸால் குறித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஆர்.சி. இல்லாத ட்ரெய்லர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இழுத்துப் போக வாங்காதீர்கள். தோட்டத்தில் கட்டையில் ஏற்றி நிரந்தரமாக நிறுத்த மட்டும் என்றால், இரும்பு விலையோடு ஷீட்டுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கேளுங்கள்.